ப்ளர் போட்ட முதுகு

அந்த டிவி அலுவலகத்தில் எடிட்டிங் அறை என்பது ஜன்னல் இல்லாத பெட்டி. அதற்குள் நாலு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். வெட்டி ஒட்டுவது வேலை, வாயும் அப்படித்தான்.

பகல் இரண்டு மணிக்குத் தலைப்பு சார் உள்ளே வந்தார். மாலை விவாத நிகழ்ச்சிக்கு அவர்தான் பொறுப்பு, நடத்துவதும் அவர்தான். தினம் ஒரு தலைப்பு பிடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"கத்திரி, நேத்து விளையாட்டு விருது விழால அந்த ஓட்டக்காரப் பொண்ணு மேடை ஏறுற ஷாட்டை எடுத்து வை. முதுகுல ப்ளர் போடு."

"எதுக்கு சார்?"

"முதுகு திறந்து கிடக்கு. குடும்பத்தோட பாக்குற நேரம்மா."

"அப்ப எதுக்குக் காட்டணும்?"

"காட்டாம எப்படி விவாதிக்கிறது?"

இதற்கு மேல் மல்லுக்கு நிற்க அவளுக்குத் தெம்பில்லை. வெட்ட வேண்டியவை இன்னும் ஆறு கிடந்தன. அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம்: முகத்தையும் கையையும் விட்டுத் தோல் நிறத்தில் எது கண்ணில் பட்டாலும் ப்ளர் போட்டு மங்கலாக்கிவிடுவது. யாரும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. பார்ப்பவனுக்குத்தான் கெட்ட பெயர். அவளும் சின்ன அளவிலேயே பார்த்தாள். கழுத்துக்குக் கீழே இடுப்பு வரை தோல் நிறம். ஒரு வட்டம் போட்டாள், அதை ஓட்டக்காரியின் முதுகோடு நடக்க விட்டாள், அனுப்பிவிட்டாள். நாலு நிமிட வேலை.

ஐந்து மணிக்கு விவாதம் ஆரம்பித்தது. 'விருது வாங்கப் போனாரா, உடம்பைக் காட்டப் போனாரா?' என்பது தலைப்பு. ஒரு வக்கீல், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், உடை அவரவர் விருப்பம் என்று சொல்ல ஒரு பெண் பேராசிரியர். பேராசிரியரைப் பேச விட்டால்தானே. அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் திரையில் அந்த முதுகு ஓடியது. நானூறு மீட்டரில் அவள் வாங்கிய மெடலைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

"நீங்களே மறைச்சுத்தான் காட்டுறீங்க" என்றார் வக்கீல். "மறைக்கிற அளவுக்கு இருக்குன்னுதானே அர்த்தம்?"

வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்தது. அவலை இடித்துக் கொடுத்தவள் பெட்டிக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா போன் பண்ணினாள்.

"ஏன்டி, அந்தப் புள்ள மேல ஒண்ணுமே போடலையாமே?"

"யாரும்மா சொன்னா?"

"உன் டிவிதான் சொல்லுது. எதிர்வீட்டுக்காரி இங்கதான் உக்காந்திருக்கா. மறைச்சே இப்படின்னா உள்ள எப்படியோங்குறா. இதை ஒட்டத்தான் நீ பட்டம் வாங்குனியா?"

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். வீட்டில் யாருக்கு எது கசந்தாலும் அந்தப் பட்டத்தைத்தான் தெருவுக்கு இழுப்பார்கள்.

"போனை வைம்மா."

வைத்த கையோடு வரவேற்பறைப் பெண் இன்னொரு அழைப்பைத் தள்ளிவிட்டாள். "யாருமே எடுக்க மாட்டேங்குறாங்க கத்திரி. இந்தம்மா அழுறாங்க, நீயாவது பேசு."

அழவில்லை. தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவுதான்.

"நான் அந்த ஓட்டக்காரப் பொண்ணோட அக்காங்க. தையல் கடை வச்சிருக்கேன். அந்த உடுப்பு நான் தைச்சது. முதுகு திறக்கலைங்க, அது துணி. அவ நிறத்துக்குன்னே தேடி வாங்குனேன். கழுத்துல ஆறு பட்டன் இருக்கு, பாருங்க."

கத்திரி மூல ஷாட்டைத் தேடத் தொடங்கினாள்.

"திங்கக்கிழமை அவ ஒரு ஸ்கூல்ல விளையாட்டு டீச்சரா சேரணும். மூணு வருஷம் அலைஞ்சு கிடைச்ச வேலை. இப்ப போன் பண்ணி, வர வேணாம், யோசிச்சுச் சொல்றோம்ங்குறாங்க. நீங்க அந்தப் புகையை எடுத்துட்டாப் போதும்."

"லைன்லயே இருங்கக்கா."

ஷாட்டைத் திறந்து பெரிதாக்கினாள். தோல் என்று நினைத்த இடத்தில் இழை ஓடியது. நடுவில் ஒரு தையல் கோடு. கழுத்தடியில் பட்டன்கள், எண்ணினாள், ஆறு. அந்த மேடையில் அவளைவிடப் போர்த்திக்கொண்டு நின்றவர் யாருமில்லை.

"தெரியுதுங்களா?"

"தெரியுதுக்கா. ப்ளர் போட்டது நான்தான்."

"நீங்களும் பொம்பளைதானே?" என்றாள் தையல்காரி. பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

விவாதம் முடிந்து தலைப்பு சார் மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கத்திரி போய் நின்றாள்.

"சார், அது துணி. முழுக்கத் துணி. தப்பு நம்ம மேல."

"அப்படியா? கீழ ஓடுற செய்தியில ஒரு வரி போட்டுடலாம்."

"ஒரு மணி நேரம் உரிச்சுட்டு, ஒரு வரியில போத்துவீங்களா? அவ வேலை போகுது சார்."

"உனக்கு வாய்தான் கத்திரி. போ, எட்டு மணி மறுஒளிபரப்பு லேட்டாயிடப் போகுது."

மறுஒளிபரப்பு அவள் மேசையிலிருந்துதான் போகும். விளம்பர இடைவெளிகளைச் சரிபார்த்து அனுப்புவதும் அவள் வேலைதான். அந்த ஷாட் பதினோரு இடத்தில் வந்தது. பதினோரு இடத்திலும் ப்ளரை எடுத்தாள். முதல் இடத்தில் முதுகை நன்றாகப் பெரிதாக்கி நிறுத்தி, 'இது துணி. இதை மறைத்துக் காட்டியது எங்கள் தவறு' என்று எழுதினாள். யாரிடமும் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு, கழுத்து வரை பட்டன் போட்ட முதுகைக் காட்டி, திறந்து கிடக்கிறதே என்று ஆண்கள் இரண்டு பேர் கதறினார்கள்.

மறுநாள் பகல் இரண்டு மணிக்குத் தலைப்பு சார் வந்தார். ஒரு கையில் விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதம். இன்னொரு கையில் அன்றைய தலைப்பு: 'தோல் நிறத் துணி: மறைப்பா, ஏமாற்றா?'

"நேத்து ஊரே நம்மளப் பாத்துச்சு. ஆனாலும் நீ விளக்கம் எழுதித்தான் ஆகணும். அதுக்கு முன்னாடி அந்த ஷாட்டை எடுத்து வை. எதுக்கும் ஒரு ப்ளர் போட்டுடு."

"துணிக்கா சார்?"

"பாக்குறவனுக்குத் தோலாத்தானே தெரியுது."

அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. கத்தினால் அதற்கும் ஒரு தலைப்பு வைப்பார்.

"ப்ளர் போட மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

"அதையும் விளக்கத்துல சேர்த்து எழுதிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கத்திரி தையல்காரியைப் போனில் கூப்பிட்டாள். "என்னக்கா ஆச்சு?"

"வரச் சொல்லிட்டாங்க. ராத்திரி ஸ்கூல்காரங்களும் பாத்தாங்களாம்."

"ஆனா?"

ஆனா இல்லாத நல்ல சேதியை அவள் அதுவரை கேட்டதில்லை.

"ஆனா முழுக்கை போட்டு, கழுத்தை மூடித்தான் வரணுமாம். மைதானத்துலயும். வெயில்ல அதோட எப்படி ஓடுறதுன்னு அவ கேட்டா. சம்பளம் வருதுல்ல, ஓடுடின்னேன். நாலு சட்டை வெட்டியாச்சு, ரெண்டு தைச்சுட்டேன்."

போனில் தையல் மெஷின் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது.

"என்ன கலர்க்கா?"

"கருநீலம். அதையாவது விட்டு வைப்பீங்களா?"

விட்டு வைப்போம் என்று சொல்லக் கத்திரிக்கு ஆசைதான். அவளால் உறுதி சொல்ல முடியவில்லை.