ஆட்சேபம் இல்லையென்றால்

அஸ்பாசியாவின் வாய் சும்மா இருக்காது. இது எங்கள் அடுக்குமாடிக்கே தெரியும். தொட்டியில் ஒரு தட்டைக் கழுவாமல் போட்டால் போதும், கீழ்வீட்டு நாய் பதிலுக்குக் குரைக்கும் அளவுக்குக் கத்துவாள். இரண்டு வருடமாக ஒரே சமையலறையில் அவளோடு குப்பை கொட்டுகிறேன், எனக்குத் தெரியாதா? அந்த நம்பிக்கையில்தான் அன்று மண்ணைக் கவ்வினேன்.

கிரீஸில், தெசலோனிகியில் நாங்கள் சர்வதேச உறவுகள் முதுகலை படித்தோம். கடைசிப் பருவத்தில் பரீட்சைத் தாள் கிடையாது, பேச்சுவார்த்தைதான். உலகத்தில் இல்லாத இரண்டு நாடுகளைப் பேராசிரியர்கள் உண்டாக்குவார்கள், கூடவே ஒரு சண்டையையும் மூட்டிவிடுவார்கள். இந்த முறை ஒரு நதி. மேலே அணை கட்டி வைத்திருக்கும் கல்வேனா நான். கீழே காய்ந்து கிடக்கும் மர்சோவா அஸ்பாசியா. நன்றாகப் பேசுகிறவளுக்கு ஜெனீவாவில் ஒரு பெரிய அலுவலகத்தில் ஆறு மாதப் பயிற்சி. இருப்பது ஒரே இடம். தூக்கத்தில்கூட நான் “மாண்புமிகு தலைவர் அவர்களே” என்று உளறுவதாக அஸ்பாசியாவே சொன்னாள்.

பேச்சுவார்த்தைக்குத் தலைவர் கல்லிரோயி அம்மையார், ஓய்வுபெற்ற தூதர். நாங்கள் இரண்டு நாள் முட்டிக்கொண்டதைப் பார்த்துச் சலித்துப்போய், மூன்றாம் நாள் காலையில் அவரே ஓர் உடன்படிக்கை எழுதி எங்கள் இருவருக்கும் அனுப்பினார். கீழே ஒரு வரி இருந்தது: பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் இது நிறைவேறியதாகும்.

எங்கள் தொழிலில் இது பழைய வழக்கம். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஆட்சேபித்தால் சமாதானத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் வரும், மதிப்பெண்ணும் போகும்.

ஏழாவது பிரிவைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆகஸ்டு மாதம் முழுக்க மர்சோவா கேட்கும்போதெல்லாம் நான் அணையைத் திறந்துவிட வேண்டுமாம். பதிலுக்கு, என் ஆட்கள் மர்சோவாவின் நீர்த்தேக்கங்களுக்குள் நினைத்தபோது நுழைந்து அளந்து பார்க்கலாமாம்.

“இதை எவடா ஒத்துக்குவா? இப்பவே எழுதறேன்” என்றேன். என் ஆலோசகன் ஸ்திராதோஸ் மடிக்கணினியை என் கையிலிருந்து நகர்த்தினான்.

“கொஞ்சம் பொறு தாயே. உள்ள பூந்து அளக்குறதை அஸ்பாசியா சும்மா விடுவாளா? அவ ஃபிரிட்ஜைத் தெறந்தாலே கடிச்சுக் குதறுவாளே.”

“ஆமா, நானே கடி வாங்கியிருக்கேன்.”

“அப்புறம் என்ன? அவ எழுதட்டும். கெட்ட பேரு அவளுக்கு, ஜெனீவா உனக்கு. நீ இந்த பூகாத்சா பலகாரத்தைச் சாப்பிடு, ஆறிடப்போகுது.”

சாப்பிட்டேன். உள்ளே இருந்த இனிப்பு நாக்கில் ஏறவில்லை. பதினொன்றரைக்கு மேல் பொறுக்க முடியாமல் நடைக்கூடத்தில் பூனைபோல் போய், மர்சோவாவுக்கு ஒதுக்கிய அறையின் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். அஸ்பாசியா தலையைக் குனிந்துகொண்டு படபடவென்று தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடி வந்து ஸ்திராதோஸின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

“எழுதறாடா! எழுதறா!”

“நான் சொல்லல?”

எதிர்த் தேவாலயத்தில் பன்னிரண்டு மணி அடித்தது. திரையில் ஒரே ஒரு செய்தி வந்து விழுந்தது. தலைவர் அனுப்பியது. ஆட்சேபம் எதுவும் வரவில்லை, உடன்படிக்கை நிறைவேறியது, இரு தரப்புக்கும் வாழ்த்துகள்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய, அந்தப் பக்கத்திலிருந்து அவள் பாய்ந்து வந்தாள்.

“ஏண்டி எழுதல?” என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

“நீ எழுதுவேன்னு இருந்தேன்டி!” என்றாள் அஸ்பாசியா. “அணைன்னாலே பேய் புடிச்ச மாதிரி ஆடுவியே!”

“நீ தட்டிக்கிட்டிருந்ததை ரெண்டு கண்ணால பாத்தேனே!”

“நீ அனுப்பப்போற ஆட்சேபத்துக்குப் பதில் எழுதிக்கிட்டிருந்தேன்டி, மூதேவி!”

ஸ்திராதோஸ் மெல்ல நழுவி மாடிப்படி இறங்கிவிட்டான்.

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. கல்லிரோயி அம்மையார் மேடையில் எழுந்து நின்றார். “ரெண்டு பேருக்கும் புடிக்காத ஒண்ணுல ரெண்டு பேரையும் சம்மதிக்க வச்சேன். என் தொழில்ல இப்படி நடந்ததே இல்ல” என்றார். அரங்கமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. “முதல் ரெண்டு நாள் பேச்சுல அஸ்பாசியா கொஞ்சம் மேல. அதனால ஜெனீவாவுக்கு அவ. யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?”

அது சும்மா சடங்குக்குக் கேட்பது. வழக்கமாக அந்த இடத்தில் கைதட்டல்தான் எழும். சிலர் தட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆனாலும் எழுந்துவிட்டேன்.

“எனக்கு இருக்கு மேடம்.”

கைதட்டல் நின்றது. அம்மையார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “பன்னெண்டு மணிக்கு இந்தக் குரல் எங்கம்மா போச்சு?”

“அப்ப பயந்துட்டேன் மேடம். கெட்ட பேரு வந்துடும்னு. இப்ப வந்தா வரட்டும். எனக்கு ஜெனீவா வேணும். ஆறு மாசத்துல மூணு மாசம் குடுங்க.”

அஸ்பாசியா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “ஜெயிச்சது நான்டி! ஒரு மாசம் தரேன், வாங்கிட்டு உக்காரு.”

“ஒரு மாசத்துல என்னடி கத்துக்கிறது, காப்பி மெஷினா? மூணு.”

“ரெண்டு.”

“மூணு. எந்த மூணுன்னு நீயே எடுத்துக்கோ.”

அவள் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். “செப்டம்பர்லேருந்து எனக்கு. டிசம்பர் பனியில நீ போய் விறைச்சு சாவு.”

“சாவறேன்! சரியா?”

“சரிடி!”

கல்லிரோயி அம்மையார் அங்கேயே கைபேசியை எடுத்து ஜெனீவாவைக் கூப்பிட்டார். நானும் அஸ்பாசியாவும் எப்போது கையைக் கோத்துக்கொண்டோம் என்றே தெரியவில்லை, அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. “மேசை ஒண்ணுதானாம்” என்றார் அம்மையார், காதிலிருந்து கைபேசியை எடுக்காமலேயே. “யாரு உக்காந்தாலும் அவங்களுக்குச் சரியாம்.”

நாங்கள் போட்ட கூச்சலில் யாரோ கதவைத் திறந்து என்ன விபத்து என்று பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன், மூன்று மாதம் கிடைத்தது. கேட்காமல் விட்ட நதி போனது போனதுதான்.