பக்கத்து வீட்டுக்காரரின் அரிப்பு

எகிப்தின் தஹ்தா ஊரில் சொறி பிடித்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அது எப்போதும் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் இருக்கும்.

தோல் மருத்துவர் ஷவ்கிக்கு இது பழகிப்போன விஷயம். சந்தைத் தெருவில், மிக்காயீலின் மருந்துக்கடைக்கு மாடியில் அவருடைய கிளினிக். அங்கே காசு வாங்கிக்கொண்டு பார்ப்பார். செவ்வாய்க்கிழமை மட்டும் வாய்க்காலை ஒட்டிய குயவர் சந்துக்குப் போவார். அங்கே விருந்தினர் கூடத்தில் உட்கார்ந்து, போவோர் வருவோருக்கெல்லாம் இலவசமாகப் பார்த்து மருந்தும் கொடுப்பார். இளவயதில் ஆரம்பித்த பழக்கம். இப்போது தலை முழுக்க வழுக்கையாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை மட்டும் மாறவில்லை.

அந்தச் சந்தில் யாருக்கும் அஞ்சாத வாய்க்காரி உம்மு ஹம்தி. மூத்த மகன் ஹம்தியின் பெயரால்தான் ஊர் அவளை அப்படி அழைத்தது. அவளே ஒரு செவ்வாய்க்கிழமை பூனை மாதிரி வந்து நின்றாள்.

"டாக்டர், என் பக்கத்து வீட்டுக்காரிக்கு ராத்திரியெல்லாம் அரிக்குதாம். பாவம், கண்ணை மூட முடியலையாம்."

"எங்க அரிக்குதாம்?"

"விரல் இடுக்குல, இடுப்புல..." என்றவள், சொல்லச் சொல்ல அந்தந்த இடத்தைச் சொறிந்துகொண்டாள்.

"சரி. உன் பக்கத்து வீட்டுக்காரியோட கையை இப்படிக் காட்டு, பாப்போம்."

கூடமே சிரித்தது. உம்மு ஹம்தி அவரை எரித்துவிடுவது போலப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினாள். அவளுடைய மகளின் கைக்குழந்தைக்கு அதற்குள் உள்ளங்கால் வரை கொப்புளம் பரவியிருந்தது. பால் குடிக்கும் நேரம் போக அது அழுதுகொண்டே இருந்தது.

"சொறி ஒண்ணும் வெக்கக்கேடு இல்லம்மா. மறைக்கறதுதான் வெக்கக்கேடு" என்றார் டாக்டர். இது அவருடைய மந்திரம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஓதுவார்.

மந்திரத்துக்கு நோய் மசியவில்லை. காரணம் எளிது. சொறிப் பூச்சியை ஒழிக்க வேண்டுமென்றால் சந்து முழுக்க ஒரே ராத்திரியில் களிம்பு பூசியாக வேண்டும். துணிமணியெல்லாம் கொதிநீரில் போட வேண்டும். இவர்களோ களிம்பை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போய், ஆளுக்கொரு நாள், கதவைச் சாத்திக்கொண்டு பூசினார்கள். இந்த வீட்டில் செத்த பூச்சிக்கு அந்த வீட்டிலிருந்து வாரிசு வந்து சேர்ந்தது. எல்லோரும் ஒரே நாளில் பூசுங்கள் என்று டாக்டர் கெஞ்சினார். ரொம்ப நல்ல யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டாயம் பூசத்தான் வேண்டும் என்றார்கள்.

இப்படி இருக்கையில்தான் ஊர் நலச் சங்கம் அவருக்குப் பாராட்டு விழா எடுப்பதாக அறிவித்தது. மக்கள் சேவைக்காகக் கேடயம். கேடயத்தைத் தருவதற்கு மாகாண அலுவலகத்திலிருந்து உஸ்தாத் ரஷ்வான் என்ற பெரிய அதிகாரியே வருகிறார். டாக்டர் வெளியே கூச்சப்பட்டார். உள்ளே, புதுக் கோட்டுக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று யோசித்தார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருக்கு விரல் இடுக்கில் அரித்தது.

கொசுவாக இருக்கும் என்று முதலில் தன்னையே ஏமாற்றிக்கொண்டார். பிறகு இடுப்பில் அரித்தது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். மணிக்கட்டில், தோலுக்கடியில், பென்சிலால் கிறுக்கிய மாதிரி மெல்லிய கோடு. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கலாம், அத்தனை அழகான கோடு. எங்கிருந்து வந்தது என்பதிலும் மர்மம் இல்லை. குயவர் சந்தில் மரியாதைக்குரிய ஆளிடம் பேசுகிறவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள். தேநீர் தீர்ந்தாலும் விடமாட்டார்கள்.

தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பார்கள். சொறியையும் சேர்த்துக்கொள்ளலாம். தோல் டாக்டருக்கே சொறி என்று வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்காதா? அதற்கப்புறம் குயவர் சந்தில் எவன் அவர் பேச்சைக் கேட்பான்? கீழே மிக்காயீலிடம் களிம்பு கேட்கலாம்தான். ஆனால் மிக்காயீலிடம் சொன்னால் மசூதி ஒலிபெருக்கியிலும் மாதா கோயில் மணியிலும் ஒருசேரச் சொன்ன மாதிரி. அதனால் பஸ் பிடித்து அடுத்த ஊருக்குப் போனார். கறுப்புக் கண்ணாடி வேறு.

மருந்துக்கடைப் பெண் நிமிர்ந்து பார்த்தவுடனேயே மலர்ந்தாள். "டாக்டர் ஷவ்கிதானே? எங்க அத்தைக்கு முகத்துப் படையை நீங்கதான் குணமாக்கினீங்க. சொறிக் களிம்பா? யாருக்கு டாக்டர்?"

"பக்கத்து வீட்டுக்காரருக்கு" என்றார் டாக்டர் ஷவ்கி.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. வாசனையில்லாத நல்ல மருந்து தீர்ந்துபோயிருந்தது. கிடைத்தது கந்தகக் களிம்புதான். குயவர் சந்துக்கு அவர் அள்ளிக் கொடுக்கும் அதே களிம்பு, அழுகின முட்டையின் நாற்றத்தோடு.

விழாவுக்கு முந்தின ராத்திரி, படிக்க வேண்டியது இருக்கிறது என்று சொல்லி வரவேற்பறையில் படுத்துக்கொண்டார். கழுத்திலிருந்து கால் வரை பூசினார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பூச வேண்டும் என்ற தன் சட்டத்தைத் தானே மீறினார். மனைவி சுஹைர் வழக்கமாக இப்படிப்பட்ட சாக்குகளை நம்புகிறவள் அல்ல. அன்று மட்டும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

காலையில் அவளே ஆரம்பித்தாள். "என்ன நாத்தம் இது? முட்டை அழுகிருச்சு போல."

"ஆமா, முட்டைதான்" என்றார் டாக்டர் அவசரமாக.

"முட்டையேதான்" என்றாள் அவளும்.

இருவருமாகச் சேர்ந்து, ஒரு குறையும் இல்லாத ஒரு தட்டு முட்டையைக் குப்பையில் கொட்டினார்கள்.

சாயங்காலம் சங்கத்து மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள், அவர்கள் நடுவே சுஹைர். பின்வரிசைகளில் குயவர் சந்து மொத்தமும். உஸ்தாத் ரஷ்வான் டாக்டரை மார்போடு அணைத்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பிறகு அவர் கையைத் தன் கையில் கோத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். நல்ல பேச்சாளர். முடிக்கத் தெரியாதவர். பூச்சிகள் ஒரே ராத்திரியில் செத்தாலும் அரிப்பு உடனே போகாது என்பதை டாக்டர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது அது அவருடைய உடம்பெல்லாம் ஓடி விளையாடியது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

நோயாளிகள் சார்பில் பேச உம்மு ஹம்தியைக் கூப்பிட்டார்கள். அவள் மேடையேறி டாக்டர் அருகில் வந்தாள். வந்தவள் நின்றாள். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினாள். இன்னொரு தரம்.

முன்வரிசைக்காரர்களுக்கு அந்த வாசனை தெரியாது. ஏதோ சாக்கடை என்று நினைத்திருப்பார்கள். குயவர் சந்தில் அது தெரியாத மூக்கே இல்லை.

"டாக்டர் எங்களுக்குச் செய்யாதது ஒண்ணும் இல்ல" என்று தொடங்கினாள் உம்மு ஹம்தி. "என் பேத்தி இன்னும் தூங்கல. ஆனா அது அவர் குத்தமில்ல, எங்க குத்தம். அவர் ஆயுசு நீளட்டும், கை நலமா இருக்கட்டும்." பிறகு அவர் பக்கம் திரும்பி, பாலில் சர்க்கரை கரைகிற குரலில் கேட்டாள். "ஏன் டாக்டர், உங்க பக்கத்து வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? ராத்திரி தூங்கறாரா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தப்பிக்க அவளே வழியும் வைத்துத்தான் கேட்டிருந்தாள். நல்லா இருக்கார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேடயம் அவருக்கு, கௌரவமும் அவருக்கு. டாக்டர் வாயைத் திறந்தார். பின்னால், உம்மு ஹம்தியின் மகள் மடியில் அந்தக் குழந்தை ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. சொறிக்காக அல்ல.

"பக்கத்து வீட்டுக்காரர்னு யாரும் இல்லம்மா. எனக்குத்தான்."

சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டினார். பேச்சு முடிந்தும் அவர் கையை விடாமல் கோத்திருந்த உஸ்தாத் ரஷ்வான் தன் கையை, யாருக்கும் தெரியாத மாதிரி, மெல்ல உருவிக்கொண்டார்.

"அடுத்த ஊருக்குப் போய் ஒளிஞ்சு ஒளிஞ்சு மருந்து வாங்கினேன். நேத்து தனியா பூசினேன். வீட்டுல சொல்லல. உங்களை எதுக்கெல்லாம் திட்டினேனோ அத்தனையும் செஞ்சேன். அதனால இன்னைக்கு ராத்திரி மறுபடி பூசப்போறேன், முறையா. என் கூடப் பூசறவங்க யாரு? எழுந்திருங்க."

ஒருவரும் எழவில்லை. பின்வரிசை முழுக்கத் தரையைப் பார்த்தது.

முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. எழுந்தவள் சுஹைர்.

"நான் பூசறேன்" என்றாள். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. "எனக்கும் ஒரு வாரமா அரிக்குது. தோல் டாக்டர் பொண்டாட்டிக்குச் சொறின்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நேத்து ரூம்ல நானும் பூசிக்கிட்டுத்தான் படுத்தேன். முட்டை நல்ல முட்டைதான்."

"பக்கத்து வீட்டம்மாவுக்குன்னு சொல்லித்தானே வாங்கிட்டுப் போனீங்க!" என்று மிக்காயீல் எங்கிருந்தோ கத்தினார்.

அதோடு மண்டபமே சிரிப்பில் வெடித்தது. உம்மு ஹம்தி மேடையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கையை உயர்த்தி, "எனக்கும்" என்றாள். அவள் மகள் எழுந்தாள், மருமகன் எழுந்தான். குயவர் சந்து ஒவ்வொரு வரிசையாக எழுந்து நின்றது. தங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்துக்கொண்டு, அவர்களும் எழுகிறார்களா என்று சரிபார்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

அன்றிரவு அந்தச் சந்தில் எல்லா வீட்டு அடுப்பிலும் துணி கொதித்தது. வாய்க்காலுக்கு அக்கரை வரை கந்தகம் மணத்தது. அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொரு தடவை. மாதம் முடிவதற்குள் உம்மு ஹம்தியின் பேத்தி விடிய விடியத் தூங்க ஆரம்பித்தது. அதைச் சொல்ல அவள் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்து, டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, தேநீர் ஆறும்வரை விடவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

அப்போது கூடத்து வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"உஸ்தாத் ரஷ்வான் அனுப்பினார் டாக்டர். அவருக்கு ஒண்ணுமில்ல. அவரோட பக்கத்து வீட்டுக்காரருக்கு..."

"கார்ல இருக்காரா?" என்று கேட்டார் டாக்டர்.

டிரைவர் திரும்பிக் காரைப் பார்த்தார். பின்சீட்டுக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது.

"யாரு டாக்டர், பக்கத்து வீட்டுக்காரரா?"

உம்மு ஹம்தி அதற்குள் எழுந்துவிட்டாள். "நீங்க உக்காருங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தாள். "கையைக் காட்டச் சொல்லி நான் கேக்கறேன்."