நாற்பதடி

ஜீவானந்தம் கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கிவிட்டான். கீழே வைப்பதற்குள் எதிர் லாட்ஜ் வீரபாகு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது வேண்டாம் தம்பி. உப்பு. அதப் போயி அண்ணன் மேல ஊத்துறதா?"

வாளியை அப்படியே கிணற்றுக்குள் கவிழ்த்தான். உப்பு என்று அவனுக்குத் தெரியாதா? இந்த ஊரில் மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்தவன் அவன்தான். மூன்று வருடத்தில் சரியாகியிருக்கும் என்று ஒரு நப்பாசை, அவ்வளவுதான்.

லாட்ஜ் வாசலில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அவனுடைய அண்ணன் அர்த்தநாரியைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தெருவில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. சேதி திருச்செங்கோட்டுக்கு வந்ததும் ஜீவானந்தம் வாடகைக் கார் பிடித்து, வழியில் ஒரு டீகூடக் குடிக்காமல், மதியம் இரண்டு மணிக்குக் கோயில்முனை வந்து சேர்ந்தான். அதற்குள் ஊர்க்காரர்களே டாக்டரை அழைத்து, சான்றிதழ் வாங்கி, ஆம்புலன்ஸ் பேசி, கால்கட்டு வாய்க்கட்டுக் கட்டி எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். ஊர் எல்லையைத் தாண்டுமுன் சொந்தக்காரன் கையால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பது இங்கே வழக்கமாம். தம்பிக்கென்று அவர்கள் மிச்சம் வைத்திருந்தது அந்த ஒரு வேலைதான். அதற்கும் தண்ணீர் இல்லை.

மாசி மாதம். பள்ளிக்கூடங்களில் பரீட்சை முடியும்வரை கோயில்முனைக்கு ஈ காக்கை வராது. ஐஸ்கிரீம் வண்டிகள் சக்கரத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தன. சங்குக் கடைகள் தார்ப்பாய்க்குள் தூங்கின. சீசனில் செல்பி எடுக்க அடிதடி நடக்கும் கடல் மேடையில் இப்போது நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. குதிரைக்காரர் குதிரையோடு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாராம். லாட்ஜுக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிப்பது, வருடமெல்லாம் தள்ளிப்போட்ட சண்டையைப் போடுவது எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான். "சீசன்ல இந்த ஊர்ல சாவறதுக்குக்கூட ஆளுக்கு நேரமில்லடா" என்று அர்த்தநாரி போனில் சிரிப்பார். சொன்ன சொல் தவறாமல் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறார்.

மனைவி போய், மகள் ஷாலினிக்குக் கல்யாணமும் முடிந்த பிறகு, இந்த எட்டு அறை லாட்ஜை அவர் குத்தகைக்கு எடுத்தபோது திருச்செங்கோட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவருக்குக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஒவ்வொரு பரீட்சைக் காலத்திலும் தம்பியைக் கூப்பிடுவார்.

"எட்டு ரூமும் காலியா கெடக்குது ஜீவா. கடலு நமக்குன்னே கெடக்குது. ரெண்டு நாளு வந்துட்டுத்தான் போயேன்."

"வாரேனுங்ண்ணா. இந்த வண்டி ஆந்திராவுல இருந்து திரும்பட்டும், வாரேன்."

வண்டி திரும்பும். இவன்தான் வரவில்லை. இந்த வருடமும் போன வாரம் கூப்பிட்டார். இந்த முறை ஆந்திரா இல்லை, சத்தீஸ்கர் என்று சொன்னான்.

ஜீவானந்தத்துக்குச் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி இருக்கிறது. தேசமெல்லாம் போய் போர் போட்டவன். மூன்று வருடத்துக்கு முன் இதே மாசியில், லாட்ஜ் கிணறு கோடையில் வற்றுகிறது என்று அண்ணன் சொன்னதும், கூப்பிடுமுன்பே வண்டியோடு வந்து இறங்கினான். அண்ணனுக்கு ஒரு நல்லது செய்யவேண்டும் என்ற ஆசையில் கள்ளமில்லை. நாற்பதாவது அடியில் தண்ணீர் வந்தது. இளநீர் மாதிரித் தண்ணீர்.

"போதும் ஜீவா, நிறுத்தச் சொல்லு" என்றார் அர்த்தநாரி.

"அண்ணா, இது மணல் ஊத்துங்க. சித்தரையில நிக்காது. நாப்பதடியில நிறுத்திட்டு ஊருக்குப் போனா என்னையக் கண்டு சிரிப்பாங்க."

"இங்க ஆழமே அவ்வளவுதாண்டா. அதுக்குக் கீழ கடலு."

"ஆயிரத்தி ஐநூறு அடி பாத்தவன் நானு. எனக்குத் தண்ணிய நீங்க சொல்லித் தரோணுங்களா?"

ஆட்களைப் பார்த்து அடுத்த ராடைக் கோக்கச் சொன்னான். அண்ணன் இரண்டு தடவை மறித்தார். இரண்டாவது தடவை தோளைத் தொட்டு மறித்தார். இவன் தோளை உதறிக்கொண்டான். இருநூற்றுப் பத்தாவது அடியில் தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீறிட்டது. ஆட்கள் விசிலடித்தார்கள். ஜீவானந்தம் ஒரு கை அள்ளி வாயில் வைத்தான். உப்பு என்று அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

குழியில் களிமண்ணைக் கொட்டி மூடிவிட்டு மறுநாள் விடியும் முன்பே கிளம்பினான். அடியில் திறந்துவிட்ட வழியை மேலே மூடி என்ன செய்ய? மூன்றே மாதத்தில் லாட்ஜ் கிணறு உப்பானது. அதையும் அர்த்தநாரி பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார், ஷாலினிக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டதா என்று கேட்பதற்கு நடுவில். ஒரு தடவை வாய்விட்டுத் திட்டியிருந்தால் ஜீவானந்தம் மறுநாளே வந்து நின்றிருப்பான். திட்டாத மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது?

லாட்ஜுக்குப் பின்புறம் இட்லிக் கடை வைத்திருக்கும் அஞ்சம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். அறுபதை நெருங்கும் வயது. குடத்தைப் பெஞ்சருகே இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள்.

"இத ஊத்துங்க தம்பி. நல்ல தண்ணி. காலையில அண்ணன் கொண்டாந்ததுதான். ஒலையில ஊத்த மனசு வரல, வச்சிருந்தேன்."

"அண்ணன் எதுக்குங்க உங்களுக்குத் தண்ணி கொண்டாந்தாரு?"

"எங்க கெணறும் உப்பாயிட்டுல்ல? ஒங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியாது. அர்த்தநாரி இதை மட்டும் சொல்லவே இல்லை.

அஞ்சம்மாள் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. உப்புத் தண்ணீரில் இட்லி மாவு புளிக்காமல் அவளுடைய கடை ஒரு மாதம் மூடிக் கிடந்திருக்கிறது. அதன் பிறகு அர்த்தநாரி தள்ளுவண்டி ஒன்றை வாங்கி, விடியுமுன்பே கலங்கரை விளக்கத் தெருக் குழாய்க்குப் போய், நான்கு டிரம் நல்ல தண்ணீர் பிடித்து அவள் கடையில் இறக்கிவிட்டுத்தான் லாட்ஜ் கதவையே திறப்பாராம். மழையோ சீசனோ ஒரு நாள் தவறியதில்லை. இன்று இரண்டாவது நடைக்குப் போகும்போது வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடியே சாய்ந்திருக்கிறார்.

"வேண்டாம்ணே, நான் பாத்துக்குறேன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். கேக்கல. எங்களால வந்த உப்பும்மா, நாங்கதான் நல்ல தண்ணி தரோணும்பாரு. ஒங்க ஊருப் பேச்சு கேக்க நல்லாருக்கும்."

ஜீவானந்தம் குடத்தைத் தூக்கினான். தலையிலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டே வந்தான். மார்பின் மேல் கட்டியிருந்த கைகளைக் கழுவும்போது உள்ளங்கைகளைப் பார்த்தான். ஊரில் பேனாவும் போனும் தவிர வேறெதையும் பிடிக்காத கைகள் அவை. இப்போது விரல்களின் அடியில் வரிசையாகக் காய்ப்பு, அவனுடைய ரிக் ஆட்களின் கைகளில் இருப்பதுபோல. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிதாக வெட்கம் வந்தது. சத்தீஸ்கர் என்று சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

வீரபாகு தோளில் கை வைத்தார். "அழாதீங்க தம்பி. ஒங்க அண்ணனுக்கு ஒங்க மேல உசுரு. வாயைத் தொறந்தா ஒங்க பேச்சுதான். நாப்பதடியில நிறுத்துண்ணான்னு தம்பி தலையால அடிச்சுக்கிட்டான், நான்தான் பேராசை புடிச்சு இன்னும் ஆழமாப் போடு போடுன்னேன்னு சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாரு."

ஜீவானந்தம் காலிக் குடத்தைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"கேக்கக் கூடாத நேரம், கோவிச்சுக்காதீங்க. எங்க லாட்ஜுலயும் ஒரு போர் போடணும். ஆளில்லாத நேரம் இப்பதான். வெவரம் தெரிஞ்ச ஆளு நீங்க, காரியமெல்லாம் முடியட்டும், ஒருநா வந்து பாருங்க. அப்படித்தான நடந்துச்சு தம்பி? அண்ணன்தான கேக்கல?"

பெஞ்சைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோரும் அவனை மரியாதையாகப் பார்த்தார்கள். இல்லீங்க, நான்தானுங்க கேக்கல என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செத்துக் கிடப்பவரைப் பொய்யராக்குவதா என்று ஒரு யோசனை வந்தது. அவரே விரும்பிச் சொன்னதுதானே என்று இன்னொன்று. இரண்டுமே கோழைத்தனம் என்று அவனுக்கு அப்போதே தெரிந்தது.

"ஆமாங்க" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் அன்னைக்கே சொன்னேனுங்க. அண்ணன்தான் கேக்கல."

ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த அஞ்சம்மாளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு பிழிந்து முடித்து, அர்த்தநாரியின் முகத்தை ஒற்றித் துடைத்தாள்.

புது வேட்டி போர்த்தினார்கள். வெள்ளையடிக்க வந்த ஆட்களும் வாளியையும் மட்டையையும் வைத்துவிட்டு வந்து ஒரு கை பிடித்தார்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போது ஷாலினி போன் செய்தாள்.

"சித்தப்பா, கெளம்பிட்டீங்களா? ஊட்டு முன்னாடி பந்தல் போட்டாச்சுங்க. அப்பா மொகம் நல்லா இருக்குதுங்களா சித்தப்பா?"

"நல்லா இருக்குது சாமி. தூங்கறாப்பல இருக்குது" என்றான். அன்றைக்கு அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

வீரபாகு விசிட்டிங் கார்டு ஒன்றை அவன் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார். ஜீவானந்தம் உள்ளே ஏறி அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்தான். கதவைச் சாத்தப் போகையில் அஞ்சம்மாள் ஒரு டம்ளர் டீயோடு வந்தாள்.

"குடிச்சிட்டுப் போங்க தம்பி. காலையிலேருந்து ஒண்ணும் சாப்புட்டிருக்க மாட்டீங்க. சக்கரை தூக்கலாத்தான் போட்டிருக்கேன்."

"எனக்குச் சக்கரை தூக்கலா வேணும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"அன்னக்கி அப்படித்தான கேட்டீங்க? போர் போட்ட அன்னக்கி. ஒங்க ஆளுங்க எல்லாத்துக்கும் நான்தான டீ கொண்டாந்தேன். நீங்களும் அண்ணனும் பேசி முடியட்டும்னு தட்டோட அங்கயேதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

ஜீவானந்தம் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"அக்கா…"

"ஆறிடும். குடிங்க."

குடித்தான். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். அர்த்தநாரியின் பாதத்தில் விலகியிருந்த வேட்டியை இழுத்து மூடினாள். பிறகு ஆம்புலன்ஸ் கதவை அவளே சாத்தினாள்.