முதல் பேஸில் மாட்டிக்கொண்டவன்

என்னைப் பாதி ஆட்டக்காரன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் பஃபலோ அணி இருப்பது அமெரிக்கன் லீக்கில். அங்கே பந்து எறிகிற பிட்சர் மட்டை பிடிக்க வேண்டாம். அவனுக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருத்தனை வைத்துக்கொள்ளலாம். அந்த ஒருத்தன் நான்தான். என் முறை வந்தால் அடிப்பேன், அப்புறம் டகவுட் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் கட்டிக்கொள்வேன். களத்தில் நிற்கிற வேலையே கிடையாது.

நேஷனல் லீக்காரர்களுக்கு இது பிடிக்காது. களத்தில் நிற்கிற ஒன்பது பேரும்தான் அடிக்க வேண்டும், பிட்சரும் அதில் சேர்த்தி, அதுதான் உண்மையான பேஸ்பால் என்பார்கள். எங்கள் ஆட்களோ, பிட்சர் மட்டையோடு தடுமாறுவதைப் பார்க்கவா டிக்கெட் வாங்குகிறோம் என்று கேட்பார்கள். முப்பத்தைந்து வருஷமாக ஒவ்வொரு மதுக்கடையிலும் இதே சண்டை. இந்த மேதாவிகளில் ஒருத்தனுக்காவது முப்பத்தெட்டு வயதில் குருத்தெலும்பு தேய்ந்த முழங்கால் இருந்தால், அப்புறம் வந்து பேசட்டும்.

அந்த ஜூன் மாதம் நாங்கள் லூயிவில்லுக்கு ஆடப் போனோம். அது நேஷனல் லீக் அணியின் மைதானம், அதனால் அவர்கள் விதி. அடிக்க மட்டும் ஒருத்தன் என்கிற பேச்சுக்கே இடமில்லை. நான் அடிக்க வேண்டுமென்றால் எங்காவது நின்றாக வேண்டும். எங்கள் மேனேஜர் கான்க்ளின் என்னை முதல் பேஸில் நிறுத்தினார். அடித்தவன் முதலில் ஓடி வந்து மிதிக்கிற இடம் அது, அவன் வருவதற்குள் மற்றவர்கள் எறிவதைப் பிடித்து அவனை அவுட்டாக்க வேண்டும்.

நானே ஆசைப்பட்ட இடம்தான் அது. அடுத்த வருஷம் என் வேலையை ஒரு இளவட்டத்துக்குக் கொடுக்கப் போவதாக பஃபலோவில் சொல்லிவிட்டார்கள். என்னை எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன் எனச் சொன்ன ஒரே மனிதர் லூயிவில் அணிக்கு ஆள் எடுக்கிற ஃபெல்ட்ஸ். முதல் நாளே நடைபாதையில் பிடித்துப் பேசினார்.

"உங்க அடி எனக்குப் புடிச்சிருக்கு விர்ஜில். ஆனா எங்க லீக்ல அடிச்சிட்டு உக்கார முடியாது. முதல் பேஸ்ல ஒழுங்கா நிப்பீங்களா, அதை மட்டும் பாக்கணும்."

"ஜம்முனு நிப்பேன்," என்றேன். பச்சைப் பொய்.

கான்க்ளினிடம் மட்டும் கெஞ்சி வைத்திருந்தேன். ஒன்பதில் ஆறு இன்னிங்ஸ் நிற்கிறேன், அப்புறம் களத்துக்கென்றே இருக்கிற பையனை இறக்கிவிடுங்கள் என்று. அவரும் சரி என்றார். ஆறு இன்னிங்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தால் பிழைப்பு ஓடும் என்பது என் கணக்கு.

மதிய ஆட்டம். ஆற்றுப் பக்கமிருந்து வந்த புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் பிட்சர் டெஸ்மண்ட், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், வாய் ஓயாதவன். பள்ளிக்கூடத்தோடு மட்டையை விட்டவன், அன்று பிடித்தாக வேண்டும். அவன் விளக்குமாற்றைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்து டகவுட்டே சிரித்தது.

"சிரிங்கடா. நான் ஒண்ணு தூக்கி அடிக்கிறேன், அப்புறம் பெருசுக்கு வேலை போயிரும்," என்றான் என்னைக் காட்டி.

போய் மூன்று பந்திலும் காற்றைத்தான் அடித்தான்.

மூன்றாவது இன்னிங்ஸில் தாழ்வாக வந்த ஒரு எறியைப் பிடிக்கக் காலை நீட்டினேன். முழங்காலுக்குள் ஏதோ நழுவி விட்டது. பந்து கிளவுஸுக்குள் வந்துவிட்டது, எதிராளி அவுட். கண்ணில் நீர் முட்டியது. தொப்பியை இறக்கி, வெயிலைத் திட்டுவதுபோல் நடித்தேன். எனக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தடியன் அன்று முழுக்க என்னை விடவில்லை.

"ஏய் பாதி ஆளு, மீதி ஆள எங்க விட்டுட்டு வந்த? பஃபலோல பனிக்குள்ள புதைச்சிட்டியா?"

நல்ல பதில் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. ஃபெல்ட்ஸ் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். விழுங்கிவிட்டேன்.

நாலாவது இன்னிங்ஸில் ஒரு பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினேன். அப்படி அடித்தால் ஓட வேண்டியதில்லை, எல்லா பேஸையும் நடந்தே சுற்றலாம். இன்னும் ரெண்டு இன்னிங்ஸ் தாங்கினால் போதும், தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஆறாவது முடிந்து டகவுட்டுக்கு வந்தபோதுதான் கவனித்தேன். ஒருத்தர்கூடப் பேசவில்லை. வாயாடி டெஸ்மண்ட் பெஞ்சின் ஒரு கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தான், அவனைச் சுற்றி ஆள் இல்லை. நிமிர்ந்து ஸ்கோர் பலகையைப் பார்த்தேன். லூயிவில்லுக்கு ஹிட் பூஜ்யம். அவன் எறிந்ததில் ஒருத்தனும் ஒரு நல்ல அடி அடித்து பேஸுக்குப் போகவில்லை. ஒன்பது இன்னிங்ஸும் அப்படியே முடிந்தால் அதற்குப் பெயர் நோ-ஹிட்டர். பெரிய பெரிய பிட்சர்கள்கூட ஒன்றுகூட இல்லாமல் ஓய்வு பெற்றிருக்கிறார்கள்.

நோ-ஹிட்டர் நடக்கும்போது அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பிட்சரிடம் பேசக் கூடாது, உட்கார்ந்த இடத்தை மாற்றக் கூடாது, எதையும் தொடக் கூடாது. இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை, ரெண்டு லீக்கும் ஒத்துப்போகிற ஒரே சமாச்சாரம் இதுதான். கான்க்ளினுக்கு இதில் நம்பிக்கை என்று சொல்வது போதாது, அவருக்கு இது பயம்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"கோச், ஆறு முடிஞ்சிருச்சு."

அவர் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினார். என்னைப் பார்க்கவில்லை.

"போய் நில்லு விர்ஜில்."

"கோச், என் கால்..."

"எதையும் மாத்த மாட்டேன். போய் நில்லு. பேசாத."

இறக்க வேண்டிய பையன் கையில் கிளவுஸோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நொண்டியபடி வெளியே போனால் ஃபெல்ட்ஸ் பார்ப்பார், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டால் டெஸ்மண்டின் நாளைக் கெடுத்தவன் ஆவேன். யாரிடமும் சொல்லக்கூட வழியில்லை. எனக்கு அழுகை வராத குறைதான். போய் நின்றேன்.

ஏழாவது, எட்டாவது. மைதானம் அவ்வளவு பெரியது, எனக்கு மூச்சு விடக்கூட இடமில்லாததுபோல் இருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால், என் பக்கம் வராதே என்று வேண்டிக்கொண்டேன். வரவும் இல்லை. எல்லாம் அந்தப் பக்கம், மூன்றாவது பேஸ் பக்கமே போயின. அங்கே நின்ற எங்கள் ஆட்கள் பிடித்து என் நெஞ்சுக்கு நேராக எறிந்தார்கள், நான் மரம்போல் நின்று வாங்கிக்கொண்டேன். தடியன்கூட வாயை மூடிக்கொண்டான்.

ஒன்பதாவதில் ரெண்டு அவுட். இன்னும் ஒருத்தன்தான். இடதுகைக்காரன்.

மெதுவாக உருண்டு வந்தது பந்து. எனக்கு வலது பக்கம், ரெண்டு எட்டு தள்ளி. நல்ல கால் உள்ளவன் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பான். நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் அது தாண்டிப் போயிருக்கும். களத்தில் நிற்கிறவன் தொடாத பந்தை அவன் தலையில் பெரும்பாலும் கட்டமாட்டார்கள், ஹிட் என்று எழுதிவிடுவார்கள். தொட்டுத் தவறவிட்டால்தான் அது ஹிட் இல்லை, அவன் பிழை. ஃபெல்ட்ஸும் ஒன்றும் கண்டுபிடித்திருக்க மாட்டார். டெஸ்மண்டின் நோ-ஹிட்டர் மட்டும் போயிருக்கும்.

அவ்வளவும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே பந்தை நோக்கிப் போய்விட்டேன். முதல் எட்டில் கால் தாங்கியது, ரெண்டாவதில் மடங்கிவிட்டது. முகம் மண்ணில் மோதியது. பந்து கிளவுஸில் பட்டுத் தெறித்து என் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றது. எடுத்து எறிந்தால் ஆட்டம் முடிந்தது. விரலால் தொட முடிந்தது, எழுந்திருக்க முடியவில்லை. அடித்தவன் என்னைத் தாண்டி ஓடி பேஸை மிதித்தான்.

மைதானமே பலகையைப் பார்த்தது. ஹிட் பூஜ்யம் அப்படியே இருந்தது. பக்கத்தில் பிழை ஒன்று ஏறியது, என் பெயரில்.

தடியன் எழுந்து நின்று கைதட்டினான். என்னைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனார்கள். அந்தப் பையன் என் இடத்துக்கு ஓடினான்.

சிகிச்சை அறையில் மேசைமேல் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஹிட் என்றால் ஊரே கத்தும். கத்தவில்லை. கொஞ்சம் கழித்து எதிரி ஊர்க்காரர்களே மரியாதைக்குக் கைதட்டுவது மேலிருந்து கேட்டது. முடித்துவிட்டான்.

ஃபெல்ட்ஸ் வாசலில் தலையை நீட்டினார். ஐஸ் கட்டிய காலைப் பார்த்தார்.

"நல்லா அடிக்கிறீங்க விர்ஜில். உடம்பப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு டெஸ்மண்ட் வந்தான். தலை முழுக்க பீர் ஊற்றியிருந்தார்கள், சொட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினான். கேலி செய்வான் என்று காத்திருந்தேன்.

"மூணாவது இன்னிங்ஸ்லயே பாத்துட்டேன் பெருசு," என்றான். "உன் கால் போச்சுன்னு."

"பாத்துட்டு என்னடா பண்ண?"

"வேற என்ன பண்றது. உன் பக்கம் அடிக்க முடியாத மாதிரியே எறிஞ்சேன். ஒவ்வொருத்தனுக்கும். நோ-ஹிட்டர்லாம் எனக்கு நெனப்பே இல்ல. உன்ன எடுக்க வந்த ஆளு பாத்துட்டு இருக்கான், உன்ன ஒம்போது இன்னிங்ஸ் நிக்க வச்சிரணும்னுதான். கடைசிப் பந்து கை நழுவிருச்சு."

மேசையில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தேன்.

"மன்னிச்சுக்க விர்ஜில்," என்றான், தன் வாழ்க்கையிலேயே பெரிய நாளில், என் காலைப் பார்த்துக்கொண்டு.