விடாத பிரேக்

மெதர்பெக் உலகத்தில் பயந்தது இரண்டுக்குத்தான். ஒன்று தோ-அஷூ கணவாயின் சுரங்கப்பாதை, இன்னொன்று மாமியார் அசில்கான். அன்றைக்கு இரண்டும் சேர்ந்து அவனைப் பிடித்துக்கொண்டன.

முந்தின நாள் சூசமிர் மேய்ச்சல் வெளியில், நாற்பது குதிரைகள் வேடிக்கை பார்க்க, வேனில் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அவனே மாற்றியிருந்தான். மெக்கானிக்கிடம் விடலாமே என்று மாமியார் கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டே மாற்றுவேன் என்று பெருமையடித்தான். திறந்துகொண்டு மாற்றியிருக்கலாம்.

ஏற்றத்திலேயே வேன் இரட்டைக் குட்டி சுமக்கும் ஒட்டகம்போல் முனகியது. மலைக்காற்றில் எஞ்சினுக்கு மூச்சு வாங்குகிறது என்றான். கருகல் வாடை வருகிறதே என்றாள் மாமியார். முன்னால் போகும் லாரியின் வாடை என்றான். முன்னால் சீனா வரைக்கும் ஒரு லாரியும் இல்லை.

அந்தச் சுரங்கம் எவ்வளவு குறுகல் என்றால், கொழுத்த ஆடு மூச்சை உள்ளிழுத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். அதன் நட்டநடுவில், ஒரு வளைவைத் தாண்டியதும், நான்கு சக்கரமும் பிடித்துக்கொண்டன. எஞ்சின் இருமி அடங்கியது. பெடலை மிதித்தால் பாறையை மிதிப்பதுபோல் இருந்தது. இருட்டு, புகை, கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர். வேனின் பின்விளக்குகளோ போன குளிர்காலத்திலேயே கண்மூடியிருந்தன.

அப்போது பின்னால், வெகு தூரத்தில், ஒரு லாரியின் உறுமல் கேட்டது.

பின் சீட்டில், நகரத்துச் சந்தைக்குப் போகும் குமிஸ் கேன் ஒன்று புளித்துப் பொங்கிச் சீறியது. அந்த நிலையிலும் கை பழக்கத்தில் அசில்கான் மூடியைச் சற்றே தளர்த்தினாள். புஸ்ஸென்று காற்று இறங்கி, குதிரைப்பால் அமைதியானது.

மெதர்பெக் அந்த மூடியையே பார்த்தான். பிரேக் ஆயிலும் இப்படித்தான் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கிறது. பெடலிலிருந்து வரும் கம்பி புது சிலிண்டருக்கு மயிரிழை அளவு நீளம் கூடுதல். காலை எடுத்த பிறகும் அது அமுக்கிக்கொண்டே இருக்கிறது. ஆயில் திரும்ப முடியாமல், சூட்டில் விரிந்து, இன்னும் இறுக்குகிறது.

இதை அவன் வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் வெள்ளைத் தலைத்துணியை அவிழ்த்து, செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"நீங்க வண்டியப் பாருங்க, மாப்ள. நான் லாரியப் பாத்துக்கறேன்."

"அத்தை, வேண்டாம். ஓரமா நில்லுங்க."

"இங்க ஓரம் எங்க இருக்கு?"

அவள் வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்து மறைந்தாள். அவன் பானெட்டைத் திறந்து, சிலிண்டரைப் பிடித்திருந்த இரண்டு நட்டுகளில் ஸ்பேனரைப் போட்டான். முதல் நட்டு தளர்ந்தது. லாரியின் வெளிச்சம் சுவரில் பரவியது; அதில் மாமியாரின் நிழல் கூரை வரை வளர்ந்து, துணியை ஆட்டியது. ஹாரன் மலையையே பிளந்தது. இவள் செத்தால் வீட்டில் மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? இரண்டாவது நட்டைத் திருகினான். சிலிண்டர் ஒரு நூல் முன்னால் நகர்ந்தது. கீழே சக்கரங்கள் டக்கென்று பிடியை விட்டன.

அதே நேரம் லாரியின் டயர்கள் கிறீச்சிட்டன. பிறகு சத்தமே இல்லை. நிழலும் இல்லை.

மெதர்பெக் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. ஸ்பேனரை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றான்.

"உனக்குக் கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று லாரிக்காரனை வறுத்தெடுக்கும் குரல் கேட்டது. திருமணமான நாளிலிருந்து அந்தக் குரல் இவ்வளவு இனிமையாக அவனுக்குக் கேட்டதே இல்லை.

முதல் கியரில் எறும்பாக ஊர்ந்து வெளியே வந்தார்கள். வெளிச்சத்தில், சிலிண்டருக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே இரண்டு வாஷர்களைக் கொடுத்து நட்டுகளை முடுக்கினான். பெடலில் கொஞ்சம் ஆட்டம் வந்தது. மிதித்தால் பிடித்தது, விட்டால் விட்டது. ஆனாலும் கீழே அதலபாதாளம் வரைக்கும் வளைவுகள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தான்.

அசில்கான் இறங்கிப்போய் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டினாள். பிறகு ஏறி, கதவைச் சாத்தினாள்.

"அனல் அடங்கிடுச்சு. மெதுவாப் போங்க. வளைவுக்கு வளைவு நிறுத்துங்க, நான் தொட்டுப் பாக்கறேன்."

வளைவுக்கு வளைவு நிறுத்தினான்.