வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

1
இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பல்பு வாங்க நின்றபோது, பக்கத்தில் ஒரு பெண் கடைக்காரரிடம் பேசியது காதில் விழுந்தது.

“இதவிட நீள ஸ்க்ரூ இருக்கா அங்கிள்? வெளிப்பக்கம் போட்ட தாழ்ப்பா. உள்ளேர்ந்து இழுத்து இழுத்து ஓட்டை லூசாயிருச்சு.”

“நீளமா போட்டா அந்தப் பக்கம் குத்தும்லா. சாத்தே குச்சிய கம்முல முக்கி ஓட்டைல அடைச்சிருங்க. நல்லா காஞ்ச பிறகு முடுக்குங்க.”

அந்தப் பெண் கம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். உள்ளேயிருந்து இழுப்பது யார்? கடைக்காரர் கேட்கவில்லை. நான் பல்பு வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2
‘லோகேஸ்வரி கல்நெஞ்சக்காரி. புருஷனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அவள்—’

இந்தத் தொடக்கம் வேண்டாம். கடையில் கேட்ட குரலில் கோபமே இல்லை, களைப்புதான் இருந்தது.

நாய் என்று வைத்துக்கொள்ளலாமா? (கதை சீக்கிரம் முடியும், எனக்கும் வசதி. ஆனால் நாய் கதவைப் பிறாண்டும், இழுக்காது.)

3
ஆகவே அப்பா. பெயர் பரமேஸ்வரன். மகள் லோகேஸ்வரியோடு அவரைக் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடிவைக்கிறேன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதுதான் அவருக்கு நினைவில் இல்லை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார். போன மாதம் நெடுஞ்சாலையில், லோரிகளுக்கு நடுவே இருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவளோ வேலைக்குப் போயாக வேண்டும். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை.

(என் அலமாரிக் கதவில் செய்து பார்த்தேன். பல்குத்தும் குச்சி போதவில்லை, ஊதுபத்திக் குச்சி நொறுங்கிவிட்டது, இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சியை ஸ்க்ரூ நன்றாகக் கவ்வுகிறது. கதைக்கு இது தேவையா, தெரியாது. எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.)

4
கம் காய்ந்துவிட்டது. லோகேஸ்வரி வெளியே நின்று முடுக்குகிறாள். அழுத்தும்போதெல்லாம் கதவு உள்பக்கமாக ஆடுகிறது.

“யாரும்மா அங்க?”

“நான்தான்ப்பா. தாழ்ப்பா ரிப்பேர் பண்றேன்.”

“ஒத்தையா எப்படிம்மா பண்ணுவ? இரு, நான் இந்தப் பக்கம் புடிச்சிக்கிறேன்.”

கதவு ஆடாமல் நின்றது. உள்ளே அவர் தோள் கொடுத்து நிற்கிறார்.

“இப்ப ஓகேயா? நல்லா டைட் பண்ணு.”

அவள் கை நின்றுவிட்டது. கடைசி ஸ்க்ரூ பாதிதான் இறங்கியிருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அழுகை வந்துவிட்டது.

5
முழுக்க முடுக்கினால் அவர் உயிரோடு இருப்பார், கதவை இழுத்துக்கொண்டே. கழற்றிவிட்டால் லோரிகள். பக்கத்து வீட்டு ஆன்டி வந்து பார்த்துக்கொள்வதாகவும் ஒரு முடிவு எழுதினேன். எனக்கே நம்பிக்கை வராமல் அழித்துவிட்டேன்.

என்னால் ஆகாது. ஸ்க்ரூ டிரைவரை நீங்கள் பிடியுங்கள். முடிவு தெரியும்வரை அவர் கதவைத் தாங்கிக்கொண்டேதான் நிற்பார். கொஞ்சம் சீக்கிரம், அவருக்குக் கால் வலிக்கும்.