பூசணிக்காயில் எத்தனை விதை?

பொன்னமராவதி சந்தை வாசலில் பூக்கூடை வைத்துப் பிழைக்கிறவள் நான், அமராவதி. வாசலில் உட்கார்ந்தால்தான் பூ விற்கும். பூக்காரிகள் எங்களைப் பின்பக்கம் குப்பைமேட்டு ஓரமாக ஒதுக்கிவிடத் துடித்தார் வியாபாரிகள் சங்கச் செயலாளர், மளிகைக்கடை அருள்மணி. ஓட்டெடுப்பு என்று முடிவானது. தரைக்கடைப் பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்றார்கள்.

உடனே அருள்மணி ஒரு விதி போட்டார். ஓட்டுப் போடப் பரீட்சையில் தேற வேண்டும். தாத்தா இங்கே கடை வைத்திருந்தால் மட்டும் பேரனுக்குப் பரீட்சை கிடையாது.

காலேஜில் சரித்திரம் படிக்கும் என் மகள் சிவரஞ்சனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, இது அமெரிக்காவுலேர்ந்து அடிச்ச காப்பி. கறுப்பினத்து மக்கள் ஓட்டுப் போட்டுறக் கூடாதுன்னு, ஒரு சோப்புல எத்தனை நுரைக்குமிழி வரும்னு கேட்டாங்களாம். தாத்தா ஓட்டுப் போட்டவரா இருந்தா பேரனுக்குப் பரீட்சையே இல்லை."

"அவங்க என்ன பண்ணாங்க?"

"விடலையே. அடிபட்டு, ஜெயிலுக்குப் போயி, உரிமையை வாங்கித்தான் விட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

ஓட்டெடுப்பு அன்று தன் கடை முன்னால் மேசை போட்டு, அருள்மணி ஒரு பூசணிக்காயைத் தூக்கி வைத்தார். "உள்ள எத்தனை விதை? சொல்லிட்டு ஓட்டுப் போடு."

"மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றேன்.

"எனக்கு எதுக்குப் பரீட்சை? இது எங்க தாத்தா கடை!"

"எந்தத் தாத்தா?" கல்லாவிலிருந்து அவர் மனைவி பொற்கொடி எட்டிப் பார்த்தாள். "ஒங்க தாத்தா இங்கிட்டு வந்ததே இல்லை. கடை எங்க தாத்தாவோடது. நீங்க வீட்டோட வந்த மாப்பிள்ளை."

சந்தையே கொல்லென்று சிரித்தது. "ஒன் தாத்தா எனக்கும் தாத்தாதானே" என்று இழுத்துப் பார்த்தார். அவரும் பரீட்சையில் தேறியாக வேண்டும் என்று நாங்கள் விடவில்லை. பூசணியைப் பிளக்க அரிவாள்மணை வந்தது. அருள்மணி வேட்டியை மடித்துக் கட்டி, வழவழ விதைகளை எண்ண உட்கார்ந்தார். எண்ணி வைத்ததை எல்லாம் ஓர் ஆடு பின்னாலிருந்து தின்றுகொண்டே வந்தது.

"பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்! எல்லாரும் போட்டுத் தொலைங்க!" என்று கத்தினார்.

பூக்கடை வாசலிலேயே இருக்கட்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் எழுந்த கை பொற்கொடியுடையது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணவே தேவைப்படாத அளவுக்குக் கைகள்.

மறுநாள் காலை அருள்மணி என் கூடை முன்னால் வந்து நின்றார். "ரெண்டு முழம் மல்லி குடு. நேத்து வீட்டுல சத்தம் போட்டுட்டேன், பொற்கொடி மொகங்குடுத்துப் பேச மாட்டேங்குறா."

"முழத்துக்கு எத்தனை மொட்டு? சொல்லிட்டு வாங்குங்க."

திருதிருவென்று விழித்தார். "தெரியலையே தாயி."

"தெரியாதவங்களுக்கும் உண்டுங்க" என்று அளந்து கொடுத்தேன்.